வகுப்பில்லாமல் பிரெஞ்சு: ஒலிநூலும் படக்கதையும் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்?

செக்காலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 58, இருப்பது காரைக்குடியில். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிற்கப் (கடல்கடந்து தொழில் செய்ய) போனவர். அங்கே முதலில் அடுத்தாளாக (உதவி முகவராக) இருந்து, பிறகு சொந்தமாக லேவாதேவி நடத்தியிருக்கிறார். சென்ற ஆண்டு பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது, ஒரு தேக்குப் பெட்டகத்தின் அடியில் அவருடைய கடிதக் கட்டுகள் கிடைத்தன. தமிழில் இருந்தவற்றைச் சிரமப்பட்டாவது படித்துவிட்டேன். அவற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த நாற்பது தாள்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. சில தட்டச்சு, சில கையெழுத்து. யாரிடமாவது கொடுத்து மொழிபெயர்த்து வாங்கிவிடலாம் என்கிறான் மகன். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நானே படிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

இதற்கு முன்பு மூன்று முறை பாடப்புத்தகம் வாங்கியிருக்கிறேன். மூன்று முறையும் வினைச்சொல் அட்டவணை வரும் பக்கத்தோடு நின்றுவிட்டேன். ஆகவே இம்முறை வேறு வழியைப் பிடித்தேன். கடந்த ஆறு மாதங்களாக, விடியற்காலை நடைக்குப் போகும்போது காதில் பிரெஞ்சு ஒலிநூல் ஓடுகிறது. லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து இலவசமாக வழங்குபவை அவை. ழூல் வெர்ன் எழுதிய, 80 நாளில் உலகைச் சுற்றும் கதையை இப்போது மூன்றாம் சுற்றாகக் கேட்கிறேன். கதை முன்பே தெரியும் என்பதால் எங்கே கப்பல், எங்கே ரயில், எங்கே யானை வருகிறது என்று ஊகித்துக்கொள்கிறேன். முதல் சுற்றில் ஊர்ப் பெயர்கள் மட்டும் பிடிபட்டன. இப்போது பத்து வாக்கியத்தில் இரண்டு முழுதாகப் புரிகின்றன. குறிப்பு எழுதுவதில்லை, சொற்பட்டியல் மனப்பாடம் செய்வதில்லை, ஒரு நாள் விட்டுப்போனால் வருந்துவதும் இல்லை.

இது உண்மையிலேயே கற்பதுதானா, அல்லது கற்பதாக என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

படக்கதைப் பித்தன் எழுதியது:

ஐயா, நான் புதுவயல்காரன், கல்லூரி மாணவன். நீங்கள் ஏமாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் கடினமான வாசல் வழியாக நுழைந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் வழி காமிக்ஸ்.

சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸையும் எங்கள் வீட்டில் பெரியப்பா கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். அதில் வரும் லக்கி லூக்கை அமெரிக்கச் சரக்கு என்றே பல காலம் எண்ணியிருந்தேன். தொப்பியும் துப்பாக்கியும் அப்படி நம்பவைத்துவிட்டன. அவர் பெல்ஜியத்து ஓவியர் மோரிஸ் 1946-இல் படைத்த பிரெஞ்சு மொழிக் கதாநாயகர். நம்மவர் 'கேப்டன் டைகர்' என்று கொண்டாடுகிறவரும் பிரெஞ்சில் 'புளூபெரி'தான். இது தெரிந்த பிறகு, தமிழில் பத்து முறை படித்து மனப்பாடமான கதைகளின் பிரெஞ்சு மூலங்களை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினேன். பக்கத்திற்குப் பக்கம் படம் ஒன்றே; பலூனுக்குள் இருக்கும் மொழி மட்டும் வேறு. இதைவிட நல்ல இருமொழிப் புத்தகம் நமக்குக் கிடைக்காது.

படம் எப்படி உதவுகிறது என்பதற்கு ஒரு சொல்லைச் சொல்கிறேன். 'தியேன்' என்று ஒரு சொல் படக்கதைகளில் அடிக்கடி வரும். அகராதியைப் புரட்டினால் 'பிடித்துக்கொள்' என்று பொருள் தரும் வினையின் ஏவல் வடிவம் என்று சொல்லும். ஆனால் படத்தில் ஒருவன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, 'தியேன், தியேன்' என்கிறான். அவன் கையில் எதுவும் இல்லை. அடுத்த பக்கத்தில் இன்னொருவன் பணப்பையை நீட்டி 'தியேன்' என்கிறான். முதலாவது 'அட!', இரண்டாவது 'இந்தா!' என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் அந்தப் புருவமும் கையும் சொல்லிவிட்டன. அந்தச் சொல்லை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. இனி மறக்கவும் முடியாது.

ஆஸ்டெரிக்ஸை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். அதில் நாய்க்குட்டியின் பெயர்கூடச் சிலேடை. 'இதேஃபிக்ஸ்' என்பது 'விடாப்பிடியான எண்ணம்' என்ற பிரெஞ்சுத் தொடரை ஒட்டவைத்துச் செய்தது. நாமறியாத மொழியில் சிலேடையைச் சந்திப்பது, கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் நாமும் பல்லைக் காட்டுவது போன்றது. டின்டின் நேரான மொழி. அதில் தொடங்குவது நல்லது.

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

நான் பல ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். வகுப்பை விற்பதற்காகப் பேசுகிறேன் என்று எண்ணிவிடாமல் படிக்க வேண்டுகிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருவரும் தவறவிடுவதும் இருக்கிறது.

செக்காலை ஐயா கேட்கும் நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கதைசொல்லல் முழுவதும் இறந்தகாலத்தின் இலக்கிய வடிவில் நடக்கிறது. 'பாஸே சாம்ப்ல்' என்று அதற்குப் பெயர். இன்றைய பிரெஞ்சுக்காரர் அதைப் புத்தகத்தில் படிப்பார். வாயால் சொல்ல மாட்டார். ஒருவர் தமிழைக் கேட்டே கற்கிறேன் என்று புறப்பட்டு 'வந்தனன்', 'உரைத்தனள்' என்று பழகிக்கொண்டு பெரிய கடை வீதியில் இறங்கினால் எப்படி இருக்கும்? எல்லோருக்கும் புரியும், காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிடவும் கூடும். ஆகவே ஒலிநூலோடு இன்றைய பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலி 'எளிய பிரெஞ்சில் செய்தி' என்று நாள்தோறும் பத்து நிமிடம் ஒலிபரப்புகிறது. எழுத்து வடிவமும் அதன் தளத்தில் உண்டு. செய்தி என்பதால் பாதி விவரம் நமக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, பால். நம் மொழியில் உயர்திணைக்குத்தான் ஆண்பாலும் பெண்பாலும். அஃறிணைக்கு ஒன்று, பல என்பதோடு முடிந்தது. பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்பதில் பயனில்லை. காதால் மட்டும் கற்பவருக்கு இது எளிதில் பிடிபடாது. உயிரொலியில் தொடங்கும் பெயர்ச்சொல்லுக்கு முன், ஆண்பாலைக் காட்டும் 'ல', பெண்பாலைக் காட்டும் 'லா' இரண்டும் சுருங்கி ஒரே 'ல்' ஆகிவிடும். 'லெகோல்' என்று காதில் விழும் பள்ளிக்கூடம் ஆணா பெண்ணா என்று காது எப்படிக் கண்டுபிடிக்கும்? பெயர்ச்சொல்லை அதன் முன்னொட்டோடு சேர்த்து ஒரே சொல்லாகக் கண்ணால் பார்த்தும் பழக வேண்டும்.

மூன்றாவது, தயவுசெய்து பிரெஞ்சைத் தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். ரொட்டிக்கும் குளியலுக்கும் நம் எழுத்தில் 'பேன்' என்றுதான் வரும். (மூன்றாவதாக நம் தலையில் இருப்பதும் அதே எழுத்துதான் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள்.)

கானாடுகாத்தான் வழிகாட்டி எழுதியது:

ஆசிரியை சொன்ன கடைசிக் கருத்தை வழிமொழிகிறேன். நான் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுபவன். குளிர்காலத்தில் வருபவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் நிறையப் பேர். நானும் வகுப்புக்குப் போனதில்லை. பாட்காஸ்ட் கேட்டும், வருகிறவர்களின் வாயைப் பார்த்தும் கற்றேன். முகப்பு, வளவு, பட்டாலை, ஆத்தங்குடிக் கல் (தரை ஓடு) எல்லாவற்றையும் இன்று பிரெஞ்சில் விளக்கிவிடுவேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டுக் கல்லை வார்ப்பதை நூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் அந்தப் பகுதி மட்டும் தங்குதடையின்றி வரும். ஓடு செய்வதைத் தாண்டி யாராவது வானிலையைப் பற்றிக் கேட்டால் விழிப்பேன்.

என் பெரிய சறுக்கல் எண்ணில் நடந்தது. ஓர் அம்மையார் தம் கண்ணாடியை ஒரு வீட்டின் திண்ணையில் மறந்துவிட்டுப் போய், சென்னையிலிருந்து அழைத்தார். திரும்ப அழைப்பதற்குத் தம் கைப்பேசி எண்ணைச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் பத்து இலக்கத்தையும் இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து எண்களாகச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன! 72 என்பதை அவர்கள் 'அறுபது-பன்னிரண்டு' என்பார்கள். நான் 60 என்று எழுதி, பக்கத்தில் 12 என்று எழுதினேன். 94 என்பதை 'நான்கு-இருபது-பதினான்கு' என்பார்கள். நான் 4, 20, 14 என்று எழுதினேன். முடிவில் என் தாளில் 15 இலக்கங்கள் இருந்தன. அந்தத் தாளைப் பார்த்து எந்த நாட்டுக்கும் அழைக்க முடியாது. கண்ணாடி மூன்று வாரம் என் மேசை இழுப்பறையில் கிடந்து, அவரே மறுபடி அழைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

ஆகவே செக்காலை அண்ணனுக்கு என் ஆலோசனை: கேட்பது வேறு, கேட்டதை அந்தக் கணத்தில் பயன்படுத்துவது வேறு. எண்களை எழுதிப் பழகுங்கள். ஒலிநூலில் ஆண்டோ தொகையோ வந்தால் நிறுத்தி, எழுதிப் பார்த்து, பிறகு தொடருங்கள்.

முத்தியால்பேட்டைக்காரி எழுதியது:

நான் புதுச்சேரியில் பிறந்தவள். கணவரின் வேலை காரணமாகக் காரைக்குடிக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா'. வீட்டில் பிரெஞ்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்தைக் கற்றேன். அப்போது கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்: பிரெஞ்சு உச்சரிப்பு தமிழருக்குக் கடினம் என்பது முழு உண்மை அன்று.

பிரெஞ்சில் எல்லோரும் பயப்படுவது மூக்கொலி உயிர்களைத்தான். எழுத்தில் 'ன்' இருக்கும். வாயில் 'ன்' வராது. உயிர் மட்டும் மூக்கு வழியாகப் போகும். இது நமக்குப் புதிதா? 'அவன் வந்தான்' என்று எழுதுகிறோம். சாதாரணமாகப் பேசும்போது கடைசி 'ன்'னுக்காக நாக்கு பல்லையோ அண்ணத்தையோ தொடுகிறதா என்று இப்போதே சொல்லிப் பாருங்கள். தொடாது. 'மரம்' என்று எழுதுகிறோம். பேச்சில் உதடு மூடுவதில்லை. நாள் முழுவதும் மூக்கொலி உயிர்களைப் பேசிக்கொண்டிருக்கும் நாம், பிரெஞ்சுப் புத்தகத்தைப் பிடித்தவுடன் பள்ளிக்கூடத் தமிழ் போல எல்லா 'ன்'னையும் அழுத்திச் சொல்கிறோம். 'போன்' என்ற சொல்லை, 'அவன் போனான்' என்பதன் முடிவைச் சொல்வது போல விட்டுவிடுங்கள். பாதி வேலை முடிந்தது. நமக்கு உண்மையிலேயே புதியவற்றில் ஒன்று, உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லும் அந்த ஒலி. அதற்குக் கண்ணாடி முன் நிற்க வேண்டும்.

புணர்ச்சியும் அப்படியே. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நாம் 'தீ', 'அணைப்பு' என்பதைத் 'தீயணைப்பு' ஆக்கி நடுவே உடம்படுமெய் வைக்கிறோம். பிரெஞ்சில் 'அவனுக்கு உண்டா' என்று வினவும்போது 'ஆ', 'ஈல்' இரண்டுக்கும் நடுவே ஒரு 'த்' வந்து 'ஆத்தில்' ஆகிறது. 'காசு', 'இல்லை' இரண்டும் 'காசில்லை' ஆகும்போது குற்றியலுகரம் ஓடிவிடுகிறது. பிரெஞ்சில் 'ழ', 'ஏ' சேர்ந்து 'ழே' ஆகிறது. நன்னூல் படித்தவருக்கு இதெல்லாம் பழகிய தெரு.

தேவகோட்டை ஆசிரியை பேச்சையும் எழுத்தையும் பிரித்துக் காட்டினார். அதையும் நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பதை நாம் நான்கு வயதிலேயே ஏற்றுக்கொண்டவர்கள். 'எனக்குத் தெரியாது' என்பதைப் பிரெஞ்சு எழுத்தில் நான்கு சொற்களாக 'ழ ந ஸே பா' என்று எழுதுவார்கள். பேச்சில் அது 'ஷே பா' என்று நொறுங்கிவிடும். 'வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதி 'வந்துக்கிட்டிருக்கான்' என்று பேசுகிறவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதற்கு? ஐயா இலக்கியப் பிரெஞ்சையே கேட்கட்டும். அவருக்கு வேண்டியது பழைய தாள்களைப் படிப்பது.

கல்லுக்கட்டிக்காரர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒலியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்பது சரியா? எனக்கு அப்படிக் கேட்டால்தான் புரிகிறது. ஆனால் வாசிப்பவர் தூக்கத்தில் பேசுவது போலிருக்கிறது.

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

முதல் முறை குறைத்துக் கேளுங்கள். அதே பகுதியை இரண்டாம் முறை இயல்பான வேகத்தில் கேளுங்கள். குறைத்த வேகத்திலேயே தங்கிவிட்டால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் காது அறியாமலேயே போய்விடும்.

முத்தியால்பேட்டை அம்மையார் சொன்ன மூக்கொலிக் கருத்தை ஏற்கிறேன். அடுத்த வாரம் வகுப்பிலும் அதைச் சொல்லப்போகிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. உங்களுக்குக் காதில் விழுந்தது தாத்தாவின் பிரெஞ்சு. அவர் உங்களைப் பார்த்துப் பேசினார், பதில் எதிர்பார்த்தார். ஒலிநூல் யாரிடமும் பதில் கேட்பதில்லை. பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேறுவதற்கு மொத்தம் 50 வேண்டும், எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. படக்கதையும் ஒலிநூலும் மட்டுமே கொண்டு வந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டில் அள்ளிக்கொள்வார்கள். பேசச் சொன்னால் வாய் திறக்காது.

ஐயாவுக்குத் தேர்வு வேண்டாம் என்பது தெரியும். இருந்தாலும் ஒன்று செய்யுங்கள்: நாளொன்றுக்கு ஐந்து வரியை வாய்விட்டு வாசியுங்கள். கேட்ட பகுதியின் எழுத்து வடிவம் இணையத்தில் கிடைக்கும். காப்புரிமை முடிந்த நூல் அது. வாசிப்பவரின் குரலுக்கு அரை நொடி பின்னால் நீங்களும் ஓடுங்கள்.

செக்காலைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். நடந்துகொண்டே கேட்கும்போது மனம் பாதி நேரம் வேறெங்கோ போய்விடுகிறது. நேற்று, கொப்புடையம்மன் கோயில் தாண்டும்வரை ஒரு சொல்லும் ஏறவில்லை, மின்கட்டணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கணக்கில் சேர்க்கலாமா?

முத்தியால்பேட்டைக்காரி எழுதியது:

சேர்க்க வேண்டாம், வருந்தவும் வேண்டாம். திரும்பி வரும்போது அதே பகுதியை மறுபடி ஓடவிடுங்கள். என் பழக்கம், ஒரே அத்தியாயத்தை மூன்று நாள் கேட்பது. பணியாரம் ஊற்றும்போது, துணி மடிக்கும்போது, பிறகு ஒருமுறை சும்மா உட்கார்ந்து. மூன்றாவதில்தான் புரியும், ஆனால் முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதும் புரியாது.

படக்கதைப் பித்தன் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னது எனக்கே பொருந்துகிறது. சென்ற மாதம் ஆத்தங்குடியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தைப் பார்த்து நானாகப் பேசப் போனேன். வாயில் வந்ததெல்லாம் பலூன் மொழி. 'அட!', 'கையைத் தூக்கு!', 'இடி விழ!' ஆகியவற்றை வைத்துக்கொண்டு வழி எப்படிச் சொல்வது? அந்த வீட்டுச் சிறுவன் மட்டும் என்னை விட்டு நகரவில்லை.

செக்காலைவாசி எழுதியது (மூன்று மாதங்களுக்குப் பிறகு):

இந்த இழையை மறுபடி திறப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியை சொன்னபடி நாளும் ஐந்து வரி வாய்விட்டு வாசித்தேன். வழிகாட்டித் தம்பி சொன்னபடி எண்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். எளிய செய்தியைக் காலையிலும் ழூல் வெர்னை மாலையிலும் வைத்துக்கொண்டேன். படக்கதை எனக்கு ஒத்துவரவில்லை. கேபிடல் எழுத்திலேயே எல்லாம் எழுதியிருப்பதால் கண் வலிக்கிறது. தம்பி மன்னிக்க வேண்டும். விட்டுப்போன நாட்களும் உண்டு. பேத்தியின் காதுகுத்து வந்த வாரம் எதையுமே தொடவில்லை.

நேற்று மதியம் பெட்டகத்திலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தேன். சைகோன், 1936 என்று தலைப்பில் இருக்கிறது. முதல் சொல்லைக் கண்ணால் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வாய்விட்டு வாசித்தேன்: 'ரெசு'. உடனே காதில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் கேட்டது. அதிபர் இன்னாரை வரவேற்றார் என்று சொல்லும்போதெல்லாம் அவர் சொல்லும் 'ஆ ரெசு' என்பதில் வரும் அதே சொல். விருந்தினரை ஏற்றுக்கொள்வதற்கு அங்கே வந்தது, பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கு இங்கே வந்திருக்கிறது. அப்படியானால் இது ஒரு ரசீது. அடுத்து ஐயாவின் பெயர், எழுத்துப் பிழையோடு. அதன் பிறகு தொகை, எண்ணில் இல்லாமல் எழுத்தில்: 'கத்ர-வேன்-தீஸ்-செத் பியாஸ்த்ர்'. கண் அந்த நீளத்தைப் பார்த்துத் தயங்கியது. வாய் இரண்டாம் முறை சொன்னதும் கை தானாகவே தாளின் ஓரத்தில் 97 என்று எழுதிவிட்டது. நான்கு இருபது, அதன்மேல் பதினேழு. கூட்டிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு சொல்லுக்கு அகராதி தேவைப்பட்டது. 'லுவாயே' என்றால் வாடகை. கடைக்கு மூன்று மாத வாடகையாக 97 பியாஸ்தர் (அன்று அங்கே புழங்கிய நாணயம்) செலுத்தியிருக்கிறார். சமையலறையிலிருந்து என் மனைவி, 'அவ்வளவு சத்தமாக யாரோடு பேசுகிறீர்கள்?' என்று கேட்டாள்.

இனி ஒரு சிக்கல். அடுத்த தாள் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு நோட்டரி எழுதியது என்று முத்திரையிலிருந்து தெரிகிறது. வாய்விட்டு வாசிக்க வேண்டுமானால் முதலில் எழுத்து தெரிய வேண்டுமே. மூன்றாம் வரியின் முதலெழுத்து S-ஆ, L-ஆ என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன்.

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

முற்றத்து வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழாமல் படமெடுத்து அனுப்புங்கள். முழுத் தாளையும் அனுப்ப வேண்டாம். அந்த வரியும் அதற்கு மேல் கீழ் இரண்டு வரிகளும் போதும். அதே கை வேறெங்காவது அந்த எழுத்தை எழுதியிருக்கும். அதை முதலில் தேடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்துச் சொல்கிறேன்.